டார்வர் வீட்டுக் காது

நெல்டா டார்வர் இறந்ததற்கு அடுத்து வந்த மார்ச் மாதத்தில், நெச்சஸ் ஆற்றுப் படுகையில் பிறந்த காட்டுப்பன்றிக் குட்டிகள் எல்லாமே வலது காதின் நுனி நேராக வெட்டப்பட்டும், இடது காதின் நுனி மீன்வால் போலப் பிளந்தும் பிறந்தன. காயம் இல்லை, தழும்பு இல்லை. தாயின் வயிற்றிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்தன. இதை முதலில் பார்த்தவன் க்ளீட்டஸ் மேயோ. அவனுடைய நாய்கள் புதருக்குள் மடக்கிப் பிடித்த ஒரு குட்டியைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கியவன், காதைப் பார்த்ததும் சுடுபாத்திரத்தைத் தொட்டவன் மாதிரி கீழே போட்டுவிட்டான். வலது காது மொட்டை, இடது காதில் மீன்வால் என்றால் அது டார்வர் வீட்டு அடையாளம். கிழக்கு டெக்சஸில் அந்த ஆற்றோரத்தில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் அங்கே வேலி என்பது பயிருக்குத்தான், பன்றிக்கு இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் பன்றிகளின் காதில் தன் அடையாளத்தை வெட்டிக் காட்டில் அவிழ்த்துவிடும். பனி விழும் காலத்தில் போய்க் கூப்பிட்டால் அவை கொழுத்துத் திரும்பி வரும். பிறகு சட்டம் வந்து பன்றிகளை அடைத்து வைக்கச் சொன்னது. அடைபடாமல் தப்பியவை காட்டிலேயே பெருகின. அவற்றின் காதுகள் முழுசாக இருந்ததால் அவை யாருக்கும் சொந்தமில்லை. யாரும் எந்த நாளிலும் சுடலாம். ஹூஸ்டனிலிருந்து ஆட்கள் ஹெலிகாப்டரில் வந்து சுட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, கறியை அப்படியே விட்டுப் போனார்கள். ஆனால் அடையாளமுள்ள பன்றி வேறு விஷயம். அதன் சொந்தக்காரன் பக்கத்தில் வந்து நின்று சரி என்று சொல்லாமல் அதன்மேல் குண்டு விழக்கூடாது. சுட்ட பிறகு அதன் காதுகளை அறுத்து அவனிடம் காட்டவும் வேண்டும். அடுத்தவன் மனைவியோடு ஓடிப்போனவனைக்கூடச் சில வருடம் கழித்து அந்த ஊர் சர்ச்சில் உட்கார விட்டார்கள். அடையாளப் பன்றியைத் தின்றுவிட்டுக் காதை மறைத்த குடும்பத்தோடு இன்றுவரை யாரும் பெண் கொடுத்து எடுப்பதில்லை.

க்ளீட்டஸ் அந்தக் குட்டியைத் தீவனச் சாக்கில் போட்டுக்கொண்டு லாய்ட் டார்வரின் வீட்டுக்குப் போனான். லாய்டும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், இருவரின் நிலத்துக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். இருந்தும் லாய்டின் மனைவி நெல்டாவின் அடக்கத்துக்குப் பிறகு க்ளீட்டஸ் அந்தப் பக்கம் போனதில்லை. யாருமே போனதில்லை. முதல் வாரம் மூடி போட்ட பாத்திரங்களில் சாப்பாடு வந்தது. பிறகு பாத்திரங்களைத் திரும்ப வாங்க வந்தார்கள். பிறகு வரவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். லாய்ட் காலையில் எழுந்து மழை அறிவிப்பு சொல்லும் ரேடியோவைப் போடுவார், இரவில் அணைப்பார். நடுவில் அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராத நாட்கள் உண்டு. அன்று கதவைத் திறந்து பேச முயன்றபோது, வெகுநாள் திறக்காத இரும்புக் கதவு மாதிரி தொண்டை கிறீச்சிட்டது.

"உன் பன்னிங்க என் புல்வெளிய உழுது போட்டுருச்சு," என்றான் க்ளீட்டஸ்.

"எனக்கு ஏதுய்யா பன்னி? அதெல்லாம் எங்கப்பாவோட போச்சு."

"காதைப் பாரு."

லாய்ட் பார்த்தார். அவருக்கு அப்பாவோ தாத்தாவோ நினைவுக்கு வரவில்லை. நெல்டா மாவுக்குள் பீச் பழம் வைத்துச் சுடும் பைதான் நினைவுக்கு வந்தது. சர்ச் விருந்தில் எல்லார் வீட்டுப் பையும் ஒன்று போலவே இருக்கும் என்பதால், பழத்தை மூடியிருக்கும் மேல்மாவின் வலது ஓரத்தை நேராக நறுக்கி, இடது ஓரத்தில் மீன்வால் கீறித்தான் அடுப்பில் வைப்பாள். லஃப்கின் டவுனில் வளர்ந்தவள், பன்றி என்றாலே மூக்கைப் பொத்துவாள். ஆனாலும் டார்வர் வீட்டு அடையாளத்தை டார்வர் ஆண்களைவிட அதிகமாகப் பயன்படுத்தியது அவள்தான். லாய்ட் குட்டியின் இடது காதை விரலால் தடவிப் பார்த்தார். கீறல் அவள் கீறுவது போலவே கொஞ்சம் கோணலாக இருந்தது.

"சுட்டுத் தள்ளு. நான்தான் சொல்றேன்ல," என்றார்.

"அதெப்படி? மேயோ வீட்டுக்காரன் டார்வர் பன்னிய சும்மா சுட்டான்னு ஊரு பேசவா? வந்து நில்லு. 'இது என்னுது, சுடு'ன்னு சொல்லு. அப்புறம் சுடுறேன்."

"உனக்கென்ன கிறுக்கா?"

"எங்க தாத்தா குழிக்குள்ளேர்ந்து எந்திரிச்சு வந்து என் காதை அறுப்பாரு. பேசாம வண்டில ஏறு."

இப்படித்தான் லாய்ட் டார்வர் மறுபடியும் வீட்டை விட்டு வெளியே வந்தார். அந்தக் கோடை முழுக்க அவர் இல்லாமல் ஆற்றோரத்தில் ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. சோளம் போட்டவர், புல் வளர்த்தவர், சர்க்கரைவள்ளிக் கொடி நட்டவர் எல்லாரும் விடியும் முன்னே அவர் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். முன்சீட்டு அவருக்கென்று காலியாக இருக்கும். அவர் இறங்கி நின்று, காடு கேட்கும்படி "என்னுதுதான், சுடு" என்பார். பிறகு காதுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள். காட்ட வந்தவர் காப்பி குடிப்பார். காப்பி குடித்தவர் டீசல் விலை ஏறிவிட்டதையும், பாதிரியாரின் மகன் பாதிரியாராக மாட்டேன் என்று சொன்னதையும் பேசிவிட்டுப் போவார். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்தவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, சட்டத்தில் இதற்கு இடமில்லை, ஆனால் உங்கள் பன்றிதான் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை என்று சொல்லி, வாழைப்பழ புட்டிங்கில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். அந்த புட்டிங்கைக் கொண்டுவந்தவள் க்ளீட்டஸின் மனைவி ஓலெட்டா. அவள் வந்தால் மட்டும் சமையலறை வரை போவாள், பாத்திரம் கழுவும் தொட்டியை ஒரு பார்வை பார்ப்பாள், "ஏங்க லாய்டு, இந்தக் கோப்பையில பாசி புடிச்சிருக்கு, இதுல மீன் வளக்கலாம்" என்று சொல்லிக் கழுவி வைத்துவிட்டுப் போவாள்.

அடுத்த மார்ச்சிலும் குட்டிகள் அப்படியே பிறந்தன. அதற்கடுத்த மார்ச்சில் இன்னும் அதிகமாகப் பிறந்தன. சுடச் சுடப் பெருகுவது பன்றியின் குணம். ஒன்றைச் சுட்டால் மற்றவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, சத்தம் அடங்கியதும் திரும்பிவிடும். அவற்றுக்கு ஒரு கிழட்டுத் தாய்ப்பன்றி தலைவியாக இருந்தது. நெல்டா சாவதற்கு முன்பே பிறந்தவற்றில் மிஞ்சியது அது மட்டும்தான், காது முழுசு. அதைச் சுட யாருடைய சம்மதமும் வேண்டாம். ஆனால் அது ஒரு நாளும் துப்பாக்கிக்கு முன்னால் நின்றதில்லை. படுகைக்காரர்கள் களைத்துப்போனார்கள். லாய்ட் களைக்கவில்லை. அவர் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார்.

மூன்றாவது வருடம் க்ளீட்டஸ் ஆற்றோரத்து மணல் நிலம் முழுவதும் தர்பூசணி போட்டான். சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதிக்கு ஊரே தர்பூசணி வெட்டும், அதற்கு முந்தின வாரம் காய் விற்றால் அந்த வருடமே தேறிவிடும். தேறினால் ஓலெட்டாவைக் கால்வெஸ்டனுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். கல்யாணமான வாரம் அங்கே கடலில் கால் நனைத்ததோடு சரி. பிறகு மாடு, கோழி, விதைப்பு, அறுப்பு என்று போய்விட்டது. இப்போது அவளுக்கு மூச்சு இரைத்தது. கோழிக்கூடு வரை போய்வந்தாலே உட்கார்ந்துவிடுவாள். கடல்காற்று பட்டால் தேவலை என்று டாக்டர் சொல்லவில்லை, அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

அதனால் க்ளீட்டஸ் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பட்டி கட்டினான். உயரமான கம்பித் தட்டிகளை வட்டமாக நட்டு, ஒரே ஒரு வாசல் வைத்து, வாசலுக்கு மேலே விழும் கதவைத் தொங்கவிட்டு, அதன் கொக்கியிலிருந்து ஒரு கயிற்றை மறைவாக நிற்கும் வண்டி வரைக்கும் இழுத்து வந்தான். பீரும் ஸ்ட்ராபெரி ஜெல்லிப் பொடியும் கலந்து புளிக்க வைத்த மக்காச்சோளத்தை உள்ளே கொட்டினான். மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் பன்றிக்கு விருந்து வாசனை. பட்டி வேலையில் கட்டுவது சுலபம், காத்திருப்பதுதான் கஷ்டம். முதலில் குட்டிகள் வரும். பிறகு வயசுப் பன்றிகள். கடைசியில்தான், வெளியே நின்று நாள்கணக்கில் மோந்து பார்த்த பிறகு, தலைவி வரும். எல்லாம் உள்ளே போகும்வரை கதவை விடக்கூடாது. பாதியைப் பிடித்தால், வெளியே நின்று பார்த்த பாதி அதை மறக்காது. பிறகு எந்தப் பட்டியிலும் அவை தலை நுழைக்காது, பெற்ற குட்டிகளையும் நுழைய விடாது. கூட்டம் சேரும் முன்னே கதவை விட்டவன் என்பது ஆற்றோரத்தில் ஒருவனைப் பற்றிச் சொல்லக்கூடிய கேவலமான சொற்களில் ஒன்று.

கயிற்றை இழுக்க வேண்டியது லாய்ட். பன்றிகள் அவருடையவை, வேறு யாரும் இழுப்பதற்கில்லை. தினமும் விடியும் நேரத்தில் இருவரும் லாய்டின் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓலெட்டா ஃபிளாஸ்கில் காப்பியும், பன்றிக்கறி வைத்த ரொட்டியும் கொடுத்தனுப்புவாள். சத்தம் போடக்கூடாது என்பதால் க்ளீட்டஸ் கிசுகிசுத்தான். கிசுகிசுத்துப் பேசும்போது மனுஷன் மற்ற நேரத்தில் சொல்லாததையெல்லாம் சொல்கிறான். அப்பாவிடம் வாங்கிய அடியைச் சொன்னான். ஒரு தடவை ஊரை விட்டே ஓடிப்போக நினைத்து, பேருந்து நிலையம் வரை போய், ஓலெட்டா மத்தியானத்துக்கு என்ன சமைத்திருப்பாள் என்று யோசித்துத் திரும்பி வந்ததைச் சொன்னான். லாய்ட் நெல்டாவின் பெயரை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். க்ளீட்டஸ் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். கண்ணாடியில் பனி படியும், நாரை கத்தும், பட்டிக்குள் குட்டிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு தின்னும். நெல்டா போன பிறகு தனக்குக் கிடைத்த நல்ல காலைகள் இவைதான் என்று லாய்டுக்குத் தெரிந்திருந்தது. இவை முடியப்போகின்றன என்பதும் தெரிந்திருந்தது.

தலைவி ஒரு வாரம் வெளியே நின்றது. அடுத்த வாரம் வாசல்வரை வந்தது. ஜூன் பாதியில், வெளிச்சம் நன்றாக விரிந்த ஒரு காலையில், அது மூக்கை வாசலுக்குள் நீட்டியது. அதன் பின்னால் பெரிய பன்றிகள் ஒரு கும்பலாக நின்றன. காய்கள் கொடியில் பருத்துப் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன.

"வருது வருது," என்று க்ளீட்டஸ் மூச்சுக்கு அடியில் சொன்னான். "இதோட முடிஞ்சுது லாய்டு. இனிமே இந்தப் பாடு கிடையாது. நானும் ஏழு மணி வரைக்கும் தூங்குவேன், நீயும் உன் வீட்ல நிம்மதியா கெட."

லாய்ட் கயிற்றை இழுத்தார்.

கதவு தலைவியின் மூக்குக்கு முன்னால் விழுந்தது. உள்ளே குட்டிகள் கம்பியில் மோதி அலறின. தலைவி ஓடவில்லை. கம்பிக்கு வெளியே நின்று, வண்டி இருந்த திசையை, எதிர்வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பவள் மாதிரி, நிதானமாகப் பார்த்தது. பிறகு திரும்பி நடந்தது. மற்றவையும் அதன் பின்னால் நடந்து மரங்களுக்குள் போயின.

க்ளீட்டஸ் அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கித் தடவிப் பார்த்தான்.

"கை வழுக்கிருச்சுன்னு சொல்லு, லாய்டு."

லாய்ட் வாயைத் திறந்தார். தொண்டை மறுபடியும் பழைய இரும்புக் கதவாகிவிட்டிருந்தது.

"அட, பனியில கயிறு நனைஞ்சிருக்கு, யாருக்கும் வழுக்கும்யா. வழுக்கிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்பிக்கிறேன்."

க்ளீட்டஸ் ஃபிளாஸ்கை மூடி, கீழே விழுந்திருந்த தொப்பியை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டு, வண்டியை விட்டு இறங்கி, பனிப் புல்லில் தன் வீட்டைப் பார்த்து நடந்தான்.

ஜூன் முடிவதற்குள் தர்பூசணிக் கொல்லை முடிந்தது. பன்றிகள் காயைத் தின்பதோடு நிற்பதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். மணல் முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது, ஈ மொய்த்த நாற்றம் மெயின் ரோடு வரை வந்தது. கால்வெஸ்டன் பேச்சை ஓலெட்டாவே விட்டுவிட்டாள். கையில் கயிற்றை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கதவை விட்டவன் என்று லாய்டைப் பற்றி க்ளீட்டஸ் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. சர்ச்சில் ஒரே ஒரு தடவை, யாரோ கேட்டதற்கு, "அந்தாளு எத்தனையோ வாட்டி சுடு சுடுன்னு சொல்லியாச்சு. அந்தச் சொல்லே போதும். இனிமே கூப்பிட வேணாம்" என்றான். அதன் பிறகு யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அவரவர் சுட்டார்கள். காதுகளை மட்டும் மறைக்கவில்லை, மறைப்பது அவர்களுக்கு வராது. லாய்டின் நிலத்து வாசலில் சாலையோரமாக இருக்கும் தபால் பெட்டியில், எஞ்சினைக்கூட அணைக்காமல், காதுகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் மத்தியானத்தில் போய்ப் பெட்டியைத் திறப்பார். மின்கட்டணத்துக்கு அடியில் காதுகள் இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு போய் நெல்டா நட்ட பீச் மரத்தடியில் புதைப்பார். அந்த மரம் அந்த வருடத்திலிருந்து பூக்கவில்லை. அதையும் யாரும் வந்து விசாரிக்கவில்லை.

ஓலெட்டா மட்டும் சாலையில் போகும்போது க்ளீட்டஸின் வண்டிக்குள்ளிருந்து கையசைப்பாள். க்ளீட்டஸ் நேராகப் பார்த்து ஓட்டுவான்.

இலையுதிர் காலத்தில் லாய்ட் தன் புல்வெளியை உழுதார். இருக்கிற நிலத்திலேயே நல்ல நிலம் அது, ஆற்று வண்டல். வசந்தத்தில் வேலி ஓரம் வரைக்கும் மக்காச்சோளம் போட்டு, கதிர் முற்றியதும் அறுக்காமல் விட்டு, ஆற்றுப் பக்கத்து வேலியைப் பிரித்துப் போட்டார். பிறகு நிலத்தின் நடுவில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, அவருடைய அப்பா பனிக்காலத்தில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். முதலில் அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட ஊளை. அது உடைந்து மேலே ஏறி, மூச்சு முடியும் இடத்தில் ஒரு கெஞ்சலாக நிற்கும். சிறு வயதுக்குப் பிறகு அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. மூன்று மைல் தள்ளி வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர்கள் கத்தியை நிறுத்திக் கேட்டார்கள். பன்றிகள் வந்தன. மொட்டைக் காதும் மீன்வால் காதுமாக, தலைவி முன்னால் வர, வரிசையாக ஆற்றிலிருந்து ஏறி வந்து, அவரைச் சுற்றி நின்று தின்ன ஆரம்பித்தன. அன்று முதல் அவை டார்வர் நிலத்தை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. சுற்றியிருந்த நிலங்களில் புல் மறுபடி தழைத்தது, உழுத சால்கள் உழுதபடியே இருந்தன, குளத்தங்கரைகள் இடியாமல் நின்றன. மறுவருடம் க்ளீட்டஸின் தர்பூசணி ஒரு காய் குறையாமல் சந்தைக்குப் போனது. ஆனால் அதற்குள் ஓலெட்டாவால் வண்டியில் ஏறி உட்கார முடியவில்லை.

தபால் பெட்டியில் காதுகள் விழுவதும் நின்றது. பன்றி வெளியே போகாததால் யாரும் சுடவில்லை, சுடாததால் அந்த வாசலில் வண்டியின் வேகத்தைக் குறைக்கக்கூட யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. லாய்ட் இதை எதிர்பார்த்திருந்தார். காலையில் ரேடியோவைப் போட்டார், மாலையில் சோளக்காட்டில் நின்று கூப்பிட்டார். அந்த ஒரு கூப்பாடுதான் அன்றைய பேச்சு.

ஓலெட்டா ஜனவரியில் இறந்தாள். லாய்டுக்கு யாரும் சொல்லவில்லை. க்ளீட்டஸ் வீட்டு வாசலில் வண்டிகள் சாலைவரை நிற்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஃப்ரீசரைத் திறந்தார். அடியில், நெல்டா தன் கையெழுத்தில் வருடம் எழுதி வைத்த பீச் துண்டுப் பொட்டலம் ஒன்று பாக்கி இருந்தது. ஐந்து வருடமாக அவர் ஃப்ரீசரைத் திறந்து அதைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். அன்று வெளியே எடுத்து இளக வைத்தார். மாவு பிசைய வரவில்லை, ஒட்டியது, கிழிந்தது, ஒட்டுப்போட்டார். வலது ஓரத்தை நறுக்கினார், இடது ஓரத்தில் கீறினார். ஓரம் கருகிவிட்டது. அதை சர்ச் கூடத்தில், மற்றப் பாத்திரங்களுக்கு நடுவில், யாரும் பார்க்காத நேரத்தில் வைத்துவிட்டு வந்தார். அடக்கத்தின்போது கல்லறை வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மார்ச்சில் தலைவி சோளத்தட்டைகளைக் குவித்துப் படுக்கை போட்டு, தன் கடைசி ஈற்றைப் போட்டது. லாய்ட் தூரத்திலிருந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் போய் முழங்காலிட்டுப் பார்த்தார். வலது காதில் வட்டத் துளை. இடது காதின் கீழ் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கொத்து. எல்லாக் குட்டிக்கும் அப்படியே. அது மேயோ வீட்டு அடையாளம்.

அடுத்தவன் அடையாளம் உன் நிலத்தில் நின்றால் அவனிடம் போய்ச் சொல்லியாக வேண்டும். அதற்குக் கோபதாபம் பார்ப்பதில்லை. லாய்ட் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, கம்பிவேலியைத் தாண்டிப் போய், க்ளீட்டஸின் கதவைத் தட்டினார். க்ளீட்டஸ் திறக்க வெகுநேரம் ஆனது. ஒரு வாரத் தாடி. உள்ளே மழை அறிவிப்பு ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"உன் குட்டிங்க என் நிலத்துல இருக்கு," என்றார் லாய்ட்.

க்ளீட்டஸ் பேச முயன்று, இருமி, மறுபடியும் முயன்றான். "என்கிட்ட ஏது பன்னி?"

"காதைப் பாரு வா."

இருவரும் நடந்தே வந்தார்கள். க்ளீட்டஸ் தட்டைப் படுக்கைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு குட்டியின் காதைத் துளையோடு சேர்த்துக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். தலைவி உறுமவில்லை. லாய்ட் இரண்டு பழைய நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்.

"கடலப் பாக்காமலே போயிட்டா," என்றான் க்ளீட்டஸ்.

"தெரியும்."

"உன்னாலதான்."

"தெரியும்யா."

குட்டிகள் முட்டிக்கொண்டு பால் குடித்தன.

"அன்னைக்கு வீட்டுக்குப் போயி நான் கத்துன கத்துல கோழியெல்லாம் கூட்டுக்குள்ள ஓடிருச்சு. அவ ஒரே வார்த்தைதான் சொன்னா. 'அவரு பன்னிய விடுறதுக்கா இழுத்தாரு? உன்னய விடமாட்டாம இழுத்திருக்காரு. நாளைக்கும் போ, ரொட்டி கட்டித் தர்றேன்'னா. நான் போகல." அவன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான், அங்கே ஏதோ எழுதியிருப்பது மாதிரி. "அந்தப் பை உன் வேலைதான?"

"ஆமா."

"கருகிக் கெடந்துச்சு. வாயில வைக்க முடியல."

"நெல்டா வச்சிட்டுப் போன பழம்யா அது. கடைசிப் பொட்டலம்."

"பழம் நல்லாருந்துச்சு," என்றான் க்ளீட்டஸ். "நீதான் கெடுத்துட்ட."

வெயில் ஏறியது. க்ளீட்டஸ் எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். "உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

"நாளைக்கு வருவேன். என் குட்டிங்களுக்கு நீ ஒழுங்கா தீனி போடுறியா இல்லையான்னு பாக்கணும்ல?"

"வா."

அவன் மறுநாள் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான், ரொட்டி சுடத் தெரியாததால் கடையில் வாங்கி வந்தான். தர்பூசணி போட மேயோ நிலம், பன்றி மேய டார்வர் நிலம் என்று ஆகிவிட்டது. நடுவில் இருந்த கம்பிவேலியை ஒரு கோடையில் இருவரும் பிரித்தார்கள். பீச் மரம் அடுத்த வசந்தத்தில் இரண்டு கிளையில் மட்டும் பூத்தது. டார்வர் காதோடு பிறக்கும் குட்டிகள் வருடத்துக்கு வருடம் குறைந்தன, ஒரேயடியாக நிற்கவில்லை. சில வருடங்களில் இன்றைக்கும் ஒன்றிரண்டு பிறக்கும், நெல்டா இறந்த மாதத்தை ஒட்டிக் கருவான ஈற்றில். வேறு வீட்டுக் காதுகளோடும் குட்டிகள் பிறக்கத் தொடங்கின, அந்த வீட்டில் யாரோ தனித்துப்போன வருடத்தில்.

இப்போது அந்தப் படுகையில் மார்ச் வந்தால் ஜனங்கள் சோளக்காட்டுக்குக் காது பார்க்கப் போகிறார்கள். பனி கழிந்ததும் கூரையைச் சரிபார்ப்பது போல அதுவும் ஒரு வேலை. லாய்டும் க்ளீட்டஸும் குட்டிகளைத் தூக்கிக் காட்டுவார்கள். பார்த்தவர்கள் இது இன்னார் வீட்டுக் காது என்று சொல்லிக்கொண்டு, எதுவும் விசாரிக்காமல், மூடி போட்ட பாத்திரத்தோடு அந்த வீட்டுக்குப் போவார்கள். பாத்திரத்தைத் திரும்ப வாங்க மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதைச் சாக்காக வைத்து இன்னொரு தடவை போகலாம். ஒரு வருடம், கணவனோடு சந்தோஷமாக இருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்திருந்த ஒருத்தியின் பிறந்த வீட்டுக் காதோடு குட்டிகள் பிறந்தன. அவள் கதவைத் திறந்து, பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

இந்த வருடம் சினையான பன்றிகள் எல்லாம் ஈன்று முடித்துவிட்டன. எல்லாக் குட்டிக்கும் காது முழுசாக இருந்தது, ஒன்றைத் தவிர. அதன் இரண்டு காதிலும் சின்னதாக ஒரு நட்சத்திரம் போன்ற வெட்டு இருக்கிறது. அந்த ஆற்றோரத்தில் எந்தக் குடும்பத்துக்கும் அப்படி ஓர் அடையாளம் இருந்ததில்லை. புதிதாகக் குடிவந்தவர்களாக இருக்கலாம், ரோட்டோரம் வண்டிவீட்டில் இருப்பவர்களாக இருக்கலாம், தன்னிடம் ஓர் அடையாளம் இருப்பதே தெரியாதவர்களாகவும் இருக்கலாம். க்ளீட்டஸ் அந்தக் குட்டியைத் தீவனச் சாக்கில், தலை வெளியே தெரிகிறபடி வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். லாய்ட் வண்டியை ஓட்டுகிறார். ஒவ்வொரு வீடாக நிறுத்தி, கதவைத் தட்டி, இது உங்களுடையதா என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள்.